ஒரு மாச லீவுக்கு எந்த இம்ப்ளான்ட்?

மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கத்துப் பல் கிளினிக்குகளில், கல்ஃபிலிருந்து லீவில் வந்தவர்கள் கேட்பது ஒன்றுதான்: "டாக்டரே, திரும்பிப் போறதுக்குள்ள பல்லைக் கட்டிரலாமா?" அது எலும்பைப் பொறுத்தது. இம்ப்ளான்ட் என்பது பல்வேருக்குப் பதிலாகத் தாடை எலும்பில் வைக்கும் டைட்டானியம் திருகு; அதில் எலும்பு ஒட்டிய பிறகுதான் மேலே பல் கட்டுவார்கள். ஆனாலும் அதுவரை காத்திருக்கும் வாரக்கணக்கைக் குறைப்பதில் திருகின் மேற்பரப்புக்கும் பங்கு உண்டு.

1965-இல் ஸ்வீடனில், இந்த முறையின் முன்னோடியான பிரோனெமார்க் முதல் நோயாளிக்கு வைத்தது கடைந்தெடுத்த வழவழப்புத் திருகு. கீழ்த்தாடைக்கு மூன்று மாதம், மேல்தாடைக்கு ஆறு மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். மலிவாகக் கிடைத்தாலும் இன்று இது வேண்டாம்.

எஸ்எல்ஏ (SLA) என்ற மேற்பரப்பு வகையில் அலுமினாத் துகளைப் பீய்ச்சியடித்து, அப்புறம் அமிலத்தில் அரிப்பார்கள். அந்தக் குழிகளை இரத்தக்கட்டியின் ஃபைப்ரின் இழைகள் இறுகப் பிடிக்கும். எலும்பு செல்கள் அவற்றின் வழியே வந்து திருகின் மேலேயே எலும்பு போடும். எலும்பு நன்றாக இருந்தால் 6 முதல் 8 வாரம் போதும்.

எஸ்எல்ஆக்டிவ் (SLActive) அதே பரப்புதான், ஆனால் உப்புநீர்க் குழாயில் அடைபட்டு வரும். காற்று பட்டால் கரிமப் பொருள்கள் ஒட்டி, பரப்பு நீரை ஏற்காது. அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. திருகை வைக்கும்போதே இரத்தம் மரையில் விறுவிறுவென ஏறும். 2004-இல் வெளிவந்த, குட்டைப் பன்றிகளில் செய்த ஆய்வில் இரண்டாம் வாரம் எலும்பு ஒட்டிய அளவு இதில் 49%, சாதா எஸ்எல்ஏவில் 29%. எட்டாம் வாரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆக, கூடுதல் காசு முதல் மாதத்துக்கு மட்டுமே. ஆனால் அந்த மாதம் லேசுப்பட்டதல்ல: இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் பழைய எலும்பின் பிடி தளரும், புது எலும்பு முழுசாக ஏறியிருக்காது. லீவு குறைவு, மேல்தாடையின் பின்பக்க எலும்பும் மென்மை என்றால் இதற்குக் கொடுக்கலாம். ஊரிலேயே இருப்பவருக்கு எஸ்எல்ஏ தாராளம்.

மின்வேதி முறையில் ஆக்சைடு படலத்தைத் தடிமனாக்கிய டையுனைட் (TiUnite) என்ற பரப்பும் எஸ்எல்ஏவுக்குச் சளைத்ததல்ல. எலும்பிலுள்ள தாதுவை ஒத்த ஹைட்ராக்ஸிஅபடைட் பூச்சில் எலும்பு ஆரம்பத்தில் சீக்கிரம் ஒட்டும். ஆனால் பிளாஸ்மா எனும் அதிவெப்ப வாயுவில் தெளித்த பூச்சு பிற்பாடு உரிந்த கதைகள் உண்டு, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

எதை வைத்தாலும் பெட்டியிலுள்ள ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்கள். கேப் போடுவது மஸ்கட்டிலோ துபாயிலோ ஆகிவிட்டால், கம்பெனி, மாடல், அளவு தெரியாமல் அங்குள்ள டாக்டரால் பொருத்தமான பாகம் வரவழைக்க முடியாது.