லேப்ல 4 வருஷம் ஓட்டின அனிமேஷன் சாஃப்ட்வேரும், உடைஞ்சுபோன கொக்கும்

இன்னொரு ஸ்கூல்ல கம்ப்யூட்டர் டீச்சரா இருக்கிற என் ப்ரெண்ட் போன வாரம் போன் பண்ணினா. லேபுக்கு டிசைன், அனிமேஷன் சாஃப்ட்வேர் எது வேணும்னு ரெண்டு நாள்ல எழுதிக் குடுக்கணுமாம், நீ 4 வருஷமா வச்சு ஓட்டுறியே, எதைடி எழுதட்டும்னு கேட்டா. அரை மணி நேரம் பேசியும் முடியல, அதான் எழுதுறேன். எதுல என்ன டூல் இருக்குன்னு லிஸ்ட் எங்க வேணா கிடைக்கும், அதை விட்டுடுறேன்.

எங்க லேப்ல ரெண்டு வகை இருக்கு. 10 மெஷின்ல சந்தா கட்டி ஓட்டுற பெரிய சாஃப்ட்வேர், பேரு வேண்டாம். மத்ததுல எல்லாம் இலவசம்: கையால வரைஞ்சு அனிமேஷன் பண்ற பென்சில்2டி, டிசைன் வரையிற இங்க்ஸ்கேப், போட்டோ திருத்துற ஜிம்ப். கிராபிக்ஸ் கொஞ்சம் நல்லா இருக்கிற ரெண்டு மெஷின்ல மட்டும் 3டி பண்ற பிளெண்டர்.

என் பிரச்சினை எங்க ஆரம்பிச்சுதுன்னா ஒரு கொக்குல. ஆறாம் கிளாஸ் பொண்ணு ஒருத்தி சந்தா மெஷின்ல உக்காந்து கொக்கு பறக்குற மாதிரி அழகா பண்ணிட்டா, றெக்கை அசையுது, கால் பின்னாடி மடங்குது, எல்லாம் முடிஞ்சு டைட்டில் போடலாம்னு "கொக்கு"ன்னு டைப் பண்ணினா ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னாடி நிக்காம பின்னாடி போய் ஒட்டிக்கிச்சு, துணைக்கால் தனியா எங்கயோ நிக்குது. "மிஸ், நான் சரியாத்தான் அடிச்சேன்"னு சொல்லும்போது அவ முகமே வாடிப்போச்சு, தப்பு அவளோடதுன்னே நினைச்சுட்டா. அன்னைக்கு வந்த கோவம் எனக்கு இன்னும் போகல.

காரணம் ரொம்ப சின்னது. எல்லா மொழி எழுத்தையும் கம்ப்யூட்டர்ல சேமிக்கிற முறையான யூனிகோட்ல ககரம் முதல்ல, உயிர்க்குறி அப்புறம், அந்த வரிசையிலதான் சேமிக்கும், திரையில காட்டும்போது கொம்பை முன்னாடி தள்ளி வைக்கிறது சாஃப்ட்வேரோட வேலை. இங்க்ஸ்கேப்பும் ஜிம்ப்பும் அந்த வேலைக்கு பாங்கோ, ஹார்ஃப்பஸ்னு ரெண்டு லைப்ரரியை, அதாவது எழுத்தை அடுக்கிக் காட்டுற ரெடிமேட் புரோகிராமை, உள்ள வச்சிருக்கு, அதனால எந்த செட்டிங்கும் மாத்தாம முதல் நாள்லேயே தமிழ் ஒழுங்கா வரும். சந்தா சாஃப்ட்வேர்லயும் வரும், ஆனா பிரிஃபரன்ஸ் உள்ள போய் டெக்ஸ்ட் இன்ஜினை தெற்காசிய மொழிக்கு மாத்தி, மூடித் திறந்து, புது ஃபைல்ல ஆரம்பிக்கணும். எங்க லேப் மெஷின் ரீஸ்டார்ட் ஆனா எல்லா செட்டிங்கும் பழையபடி ஆயிடும், பசங்க எதையும் கெடுத்துடக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்கோம், அதனால ஒவ்வொரு கிளாஸுக்கும் 10 மெஷின்லயும் நானே போய் மாத்தணும், 40 நிமிஷ பீரியட்ல இதுக்கே பாதி போயிடும். வித்தவங்ககிட்ட கேட்டா, டைட்டில் இங்கிலீஷ்ல போடச் சொல்லுங்க மேடம்னு பதில். சரி, இங்கிலீஷ் எழுத்து இடத்துல தமிழ் வடிவத்தை வச்சிருக்கிற பழைய பாமினி மாதிரி ஃபாண்ட் போட்டுப் பாத்தோம், எழுத்து ஒழுங்கா வந்துச்சு, ஆனா அந்த ஃபாண்ட் இல்லாத மெஷின்ல ஃபைலைத் திறந்தா வெறும் இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா கொட்டுது.

நியாயமா சொல்லணும்னா அந்த சந்தா சாஃப்ட்வேர் மோசம் இல்ல. றெக்கையை ஒரு தடவை வரைஞ்சு சிம்பலா மாத்திட்டா 20 கொக்குக்கு வச்சுக்கலாம், ஒண்ணைத் திருத்தினா 20-ம் திருந்தும், நடுவுல வர்ற ஃபிரேமை ட்வீன் அதுவே போட்டுக்கும். பெரிய கிளாஸ் பசங்க அதுல பண்றதைப் பாத்தா நான் காலேஜ்ல ஃப்ளாஷ்னு பழைய அனிமேஷன் சாஃப்ட்வேர் கத்துக்கிட்ட நாள் ஞாபகம் வருது. அதுல பண்ணினதை பிரவுசர்ல ஓட்டுற ஃப்ளாஷ் பிளேயரை 2020 டிசம்பர் 31-ஓட நிறுத்திட்டாங்க, அப்போ பண்ணின ஃபைல் எல்லாம் இப்ப பிரவுசர்ல திறக்காது, அது வேற வருத்தம்.

பிளெண்டர் பத்தி சுருக்கமா. 4.0-லேர்ந்து கிராபிக்ஸ்ல ஓப்பன்ஜிஎல் 4.3-ங்கிற வசதி வேணும், எங்க மெஷின்ல அது கிடையாது, அதனால 3.6-லயே நிக்கிறோம். அதோட டெக்ஸ்ட்லயும் தமிழ் சேராது. ஆனா வழி இருக்கு: இங்க்ஸ்கேப்ல டைப் பண்ணி, ஆப்ஜெக்ட் டு பாத் குடுத்து எழுத்தை வெறும் கோட்டு வடிவமா மாத்தி, எஸ்விஜி ஃபைலா சேமிச்சு, பிளெண்டர்ல இம்போர்ட் பண்ணி எக்ஸ்ட்ரூட் பண்ணினா தடிமனான தமிழ் எழுத்து அட்டகாசமா வரும்.

பென்சில்2டி-யைத்தான் நான் முதல்ல மதிக்கவே இல்ல. ஜிப்பை விரிச்சா ஓடும், பழைய மெஷின்லயும் ஓடும், சரி சின்னப் பசங்களுக்குப் போதும்னு போட்டேன். ட்வீன் கிடையாது, ஒவ்வொரு ஃபிரேமும் கையால வரையணும், செகண்டுக்கு 12 வச்சா 10 செகண்டுக்கு 120 படம். ஆனா ஆனியன் ஸ்கின்னை ஆன் பண்ணினா முந்தின படம் மங்கலா அடியில தெரியும், அதுக்கு மேல கொஞ்சம் தள்ளி வரையிறதுதான் அனிமேஷன்னு நான் சொல்லிக் குடுக்காமலேயே பசங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. பந்து கீழ வரும்போது படத்துக்குப் படம் இடைவெளி கூடும், மேல போகும்போது குறையும்னு ஒரு பையன் அவனா கண்டுபிடிச்சு வந்து சொன்னான், அதை நான் போர்டுல எழுதிக்கூடப் போடல.

அதுல டெக்ஸ்ட் டூலே கிடையாது. அடுத்த வருஷம் அதே பொண்ணு கொக்கை பென்சில்2டி-ல திரும்பப் பண்ணினா, டைட்டிலை மவுஸாலேயே எழுதினா. ஒற்றைக்கொம்பு மட்டும் மெல்ல மெல்ல நீண்டு கொக்கோட கழுத்தா வளைஞ்சு, நிமிந்து, மீனைக் கொத்துது. ஒரு 60 ஃபிரேம் இருக்கும், 3 பீரியட் எடுத்துக்கிட்டா. கிளாஸே எழுந்து வந்து அவ பின்னாடி நின்னு பாத்துச்சு. நான் அதை எத்தனை தடவை போட்டுப் பாத்தேன்னு கணக்கே இல்ல.

இவ்வளவும் சொல்லிட்டு, சந்தாவை நிறுத்தினியான்னு கேட்டா, இல்ல, இந்த வருஷமும் கட்டச் சொல்லி நானே எழுதிக் குடுத்திருக்கேன். பன்னெண்டாம் கிளாஸ் பசங்க அதைக் கத்துக்காம வெளிய போனா அங்க திணறுவாங்க, அந்தக் குறை என்னால அவங்களுக்கு வரக்கூடாது. ஆனா 10-ஐ 4 ஆக்கிட்டேன், ஆறு ஏழு எட்டு கிளாஸ் பசங்களை அதுல உக்கார விடுறதில்ல.

கடைசியா போன் பண்ணின உனக்குடி: உன் லேப்ல 4 ஜிபி ரேம்னு சொன்ன இல்ல? பென்சில்2டி, இங்க்ஸ்கேப், ஜிம்ப் மூணையும் எழுதிக் குடுத்துடு, பிளெண்டரை இப்ப விட்டுடு. எழுதிக் குடுக்கிறதுக்கு முன்னாடி ஏதாவது ஒரு மெஷின்ல மூணையும் போட்டு "கொக்கு"ன்னு டைப் பண்ணிப் பாரு, பென்சில்2டி-ல மட்டும் கையால எழுதிப் பாரு. மூணும் என் பென்டிரைவ்ல இருக்கு, திங்கக்கிழமை வந்து வாங்கிக்கோ.