பெட்ரோல் அம்பாசிடருக்கு டீசல் எஞ்சின் போடலாமா, இருக்கிற எஞ்சினையே ரீபோர் செய்யலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டீசல் போடவில்லை. அப்பா வாங்கிய 1984 மாடல் மார்க் 4 பெட்ரோல் வண்டி, எஞ்சின் ஆயில் குடிக்க ஆரம்பித்துப் புகை தள்ளியது. இறக்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்ததும், இறக்குவதோடு இறக்குவதாக டீசலாக மாற்றிவிடலாமே என்று சொல்லாத ஆள் இல்லை. மதுரை, திருமங்கலம், உசிலம்பட்டி என்று பல பட்டறைகளில் விசாரித்த பிறகு ரீபோர் பக்கம் போனேன், அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போடும் வேலை. அதனால் இது நடுநிலையான அலசல் இல்லை. ஆனால் டீசலுக்கு ஆதரவாக நான் கேட்ட நியாயங்களையும் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் சிலருக்கு அதுதான் சரியாக இருந்தது.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு காலத்தில் இது ரொம்ப சாதாரண வேலை. 2012 வாக்கில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய்க்குப் பக்கம் வித்தியாசம் இருந்தது. பெட்ரோல் விலையைக் கட்டுப்படுத்துவதை அரசு 2010 ஜூனிலேயே விட்டுவிட்டது, டீசலை 2014 அக்டோபரில்தான் விட்டது, இடைப்பட்ட அந்த நாலு வருடத்தில் டாக்சி ஓட்டியவர்களால் பெட்ரோல் வண்டியைக் கட்டி மேய்க்கவே முடியவில்லை. இன்றைக்கு மதுரையில் எந்த பங்கிலும் வித்தியாசம் எட்டு ஒன்பது ரூபாய்தான். ஆனால் மாற்றச் சொல்லும் அறிவுரை மட்டும் அந்த 30 ரூபாய்க் காலத்திலேயே நிற்கிறது.

எரிபொருளை மாற்றி ஓட்டுவது மதுரைக்குப் புதிதும் இல்லை. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, இங்கே பஸ் ஓட்டிக்கொண்டிருந்த டி.வி.எஸ். நிறுவனமே கரியிலிருந்து எரிவாயு எடுக்கும் கேஸ் பிளான்ட் தயாரித்து வண்டிகளை ஓட வைத்தது. தேவை வந்தால் மாற்றத்தான் வேண்டும். இன்றைக்கு அந்தத் தேவை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சரி, கணக்கு. என் வண்டி வருடத்துக்கு நாலாயிரம் கிலோமீட்டர் ஓடினால் அதிகம். கல்யாணம், குலதெய்வம் கோயில், எப்போதாவது கொடைக்கானல். பெட்ரோலில் லிட்டருக்குப் பத்து என்றால் 400 லிட்டர், நாற்பதாயிரம் ரூபாய். டீசலில் பதினாலு கொடுத்தால் 285 லிட்டர், இருபத்தாறாயிரத்தை ஒட்டி வரும். மிச்சம் வருடத்துக்குப் பதினாலாயிரம். டீசல் எஞ்சின், பம்ப், பேட்டரி, கூலி எல்லாம் சேர்த்து எனக்குச் சொன்ன விலை ஒன்றரை லட்சத்தைச் சுற்றி இருந்தது, ரீபோர் அறுபதாயிரத்தில் முடிந்தது. அந்தத் தொண்ணூறாயிரம் திரும்பி வர ஆறு வருடத்துக்கு மேல் ஆகும். அதுவும் நடுவில் டீசல் பம்ப் வேலை, டீசலைப் பீய்ச்சும் நாசில் வேலை எதுவும் வராமல் இருந்தால்.

இதையே தினமும் ஓட்டுகிற ஆளுக்குப் போட்டுப் பாருங்கள், கணக்கு தலைகீழாகும். போடி, கம்பம் பக்கம் ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பழைய பெட்ரோல் ஜீப்பை அந்த மேட்டில் அந்தப் பாரத்தோடு ஓட்டி யாரும் பிழைக்க முடியாது, டீசலாக்கியதில் தப்பே இல்லை. குறைந்த ஆர்.பி.எம்.மில் இழுக்கிற சக்தி டீசலில்தான் இருக்கிறது. அதை மறுக்கவில்லை.

ஆனால் அம்பாசிடருக்கு எந்த டீசல் எஞ்சின் என்பதைக் கவனியுங்கள். சிலர் நினைப்பதுபோல சிலிண்டர் மேல் மூடியான ஹெட்டை மட்டும் மாற்றி, கார்பரேட்டரைக் கழற்றி, பம்ப் வைத்தால் டீசல் ஆகிவிடாது. பெட்ரோல் எஞ்சினில் கம்ப்ரஷன் எட்டுக்கு ஒன்று அளவில் இருக்கும், டீசலில் இருபதைத் தாண்டும். அந்த அழுத்தத்தைப் பெட்ரோலுக்கு வார்த்த பிஸ்டனும் கிராங்கும் தாங்காது. முழு எஞ்சினும் மாற வேண்டும். சுலபமான வழி கம்பெனியே மார்க் 4 காலத்தில் கொடுத்த 1489 சிசி பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) டீசல், நம் பெட்ரோல் எஞ்சினும் அதே 1489 சிசி, இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் உட்கார வைப்பதில் சிரமம் குறைவு. ஆனால் அதன் சக்தி 40 குதிரைத் திறனைத் தாண்டாது, பெட்ரோல் 50க்குப் பக்கம். ஐந்து பேரோடு வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறினால் பின்னால் வருகிற பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வரும். இரண்டாவது வழி 1995 சிசி இசுசு டீசல், அதே கம்பெனியின் கான்டெசா காரிலும் வந்தது. நல்ல எஞ்சின், இழுவையும் நன்றாக இருக்கும் என்று வைத்திருக்கிறவர்கள் சொல்கிறார்கள். நான் ஓட்டியது ஒன்றிரண்டு முறைதான், அதை வைத்துப் பெரிதாகப் பேச முடியாது. ஆனால் அதற்கு மவுண்டிங், கியர் பாக்ஸ், ராடியேட்டர் என்று வேலை நீளும். இன்னொன்று, 1500 சிசியைத் தாண்டினால் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் பிரீமியமே வேறு. 2022 விகிதப்படி 1000 முதல் 1500 வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897.

எஞ்சினோடு வேலை முடிவதில்லை. டீசல் எஞ்சின் கனம் அதிகம், முன்பக்கம் உட்காரும், முன்பக்க ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பாரை ஏற்றி வைக்க வேண்டும். பேட்டரி பெரியது வேண்டும், செல்ஃப் மோட்டார் வேறு, ஹீட்டர் பிளக்குக்குத் தனி ஒயரிங். டேங்குக்கு ரிட்டர்ன் லைன் இழுக்க வேண்டும். பிரேக் பூஸ்டர் உள்ள வண்டி என்றால் டீசலில் இன்டேக் வாக்குவம் கிடைக்காது, ஆல்டர்னேட்டரோடு ஒரு வாக்குவம் பம்ப் சேர்க்க வேண்டும். இதை விட்டுவிட்டு வண்டியை வெளியே அனுப்பிய பட்டறையும் உண்டு, மிதித்தால் பிரேக் கல்லு மாதிரி இருக்கும். பின் ஆக்சில் ரேஷியோ பெட்ரோலுக்கு ஏற்றதாகவே நின்றுவிட்டால் நாலுவழிச் சாலையில் டீசல் எஞ்சின் 70க்கு மேல் கத்த ஆரம்பிக்கும்.

இதெல்லாம் காசும் நல்ல மெக்கானிக்கும் இருந்தால் தீர்கிற விஷயம். எனக்குத் தீராததாக இருந்தது ஆர்.சி. புத்தகம். நான் முடிவெடுத்ததே இதை வைத்துத்தான்.

பட்டறையில் பேசினால், "அண்ணே, எஞ்சினை ஏத்திருவோம், ஆர்.சி. அப்புறம் பாத்துக்கலாம்" என்றுதான் சொல்வார்கள். அப்புறம் பார்க்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 சொல்வது, கம்பெனி கொடுத்த விவரங்களுக்கும் ஆர்.சி.யில் இருப்பதற்கும் முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்பது. சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி மாதிரி எரிபொருள் மாற்றத்துக்கு அங்கீகரித்த கிட் வைத்துச் செய்ய அதிலேயே வழி இருக்கிறது. பழைய டீசல் எஞ்சின் ஒன்றை எங்கேயோ வாங்கி ஏற்றுவது கிட் கிடையாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று கேரள வழக்கு ஒன்றில் அழுத்திச் சொல்லிவிட்டது. அதே வருடத் திருத்தத்தில் 182ஏ பிரிவு வந்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முன்பு ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனுமதி வாங்கி எஞ்சின் மாற்றி ஆர்.சி.யில் டீசல் என்று ஏற்றிய வண்டிகள் நிறைய ஓடுகின்றன, அவற்றைக் காட்டி "அவருக்குக் குடுத்தாங்களே" என்று கேட்பதில் பயனில்லை. அந்தக் கதவு இப்போது திறந்திருக்கவில்லை.

ஆர்.சி.யில் எழுதாமல் ஓட்டினால் என்ன என்று கேட்பார்கள். சொந்தக் காருக்குப் பதிவு 15 வருடம், அதற்கப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை எஃப்.சி. பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் 600 ரூபாயாக இருந்த கட்டணம் 5,000 ஆனது, 2025 ஆகஸ்டில் 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆகிவிட்டது. இவ்வளவு கட்டி வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் பிரேக் இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறப்பார். சேஸ் நம்பருக்குப் பென்சில் பிரிண்ட் எடுப்பார்கள், எஞ்சின் நம்பர் பார்ப்பார்கள். ஆர்.சி.யில் பெட்ரோல், உள்ளே பம்பும் நாசிலும். புகைச் சான்று எந்த எரிபொருளுக்கு எடுப்பது என்பதிலிருந்தே சிக்கல். விபத்து என்று ஏதாவது நடந்துவிட்டால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பிடிப்பது இதைத்தான். எதிரே வந்தவருக்கு அடிபட்டு, நஷ்ட ஈட்டை நம் வீட்டை விற்றுக் கட்ட வேண்டிய நிலை வந்தால், லிட்டருக்கு மிச்சம் பிடித்த எட்டு ரூபாய் எதற்கு ஆகும்? இந்தப் பயத்தோடு அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றி ஓட்ட எனக்கு மனம் வரவில்லை.

விற்கும் விலையும் இதிலேயேதான் கட்டுண்டு கிடக்கிறது. முன்பெல்லாம் டீசல் அம்பாசிடருக்குத்தான் கிராக்கி, வாங்குகிறவர் டாக்சிக்காரர். இப்போது டாக்சிக்கு யாரும் அம்பாசிடர் வாங்குவதில்லை. மேற்கு வங்கத்து உத்தரபாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தியே 2014ல் நின்றுவிட்டது. இன்றைக்குத் தேடி வருகிறவர் பழைய வண்டி மேல் ஆசை உள்ளவர், அவர் கேட்கும் முதல் கேள்வி எஞ்சின் ஒரிஜினலா என்பதுதான். 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு விண்டேஜ் பதிவு என்று 2021ல் விதி வந்தது, அதற்கும் எஞ்சின், பாடி, சேஸ் பெரிய மாற்றமில்லாமல் இருக்க வேண்டும். எழுபதுகளின் மார்க் 2, மார்க் 3 வைத்திருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

எல்.பி.ஜி. பற்றியும் கேட்டேன். கார்பரேட்டர் வண்டிக்குக் கிட் பொருத்துவது சுலபம், ஆர்.சி.யிலும் ஏற்றலாம். டிக்கியில் பாதியை சிலிண்டர் பிடித்துக்கொள்ளும், ஐந்து வருடத்துக்கு ஒரு முறை டேங்க் சோதனை. தினம் டவுனுக்குள் ஓடுகிறவர்களுக்கு டீசலைவிட இது எவ்வளவோ மேல். நான் போடவில்லை, கூடுதலாகச் சொல்ல அனுபவம் இல்லை.

பெட்ரோலிலும் தொல்லை இல்லாமல் இல்லை. சித்திரை வெயிலில் கோரிப்பாளையம் நெரிசலில் அரை மணி நின்றால் லைனில் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடும், ஏ.சி. பம்ப் (எஞ்சினோடு ஓடும் பெட்ரோல் பம்ப்) மேல் ஈரத்துணி போடுகிற பழக்கம் அதனால் வந்தது. லைனை எக்ஸாஸ்ட் பக்கத்திலிருந்து விலக்கி, டேங்க் அருகே சின்ன எலெக்ட்ரிக் பம்ப் வைத்த பிறகு அது போயிற்று. இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த இ20. பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், கார்பரேட்டர் வாஷர் எல்லாவற்றையும் அது தின்றுவிடும். ரீபோர் செய்யும்போதே எத்தனால் தாங்கும் ஹோஸ்களாக மாற்றச் சொல்லுங்கள், கார்பரேட்டர் ஜெட்டையும் ஒரு சுற்றுப் பெரிதாக்கிப் போட்டால் மூச்சு வாங்காமல் ஓடும். மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதாக இருந்தால் டேங்கில் பழைய பெட்ரோலை விடாதீர்கள், எத்தனால் ஈரத்தை இழுத்து டேங்க் அடி துருப்பிடிக்கும்.

லேத்தில் ஹெட் இருக்கும்போது இன்னொரு வேலையும் கேட்டு வாங்குங்கள். இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்குச் செய்தது, நாட்டில் ஈயம் 2000லேயே நிறுத்தப்பட்டது. அந்த ஈயத்தின் காப்பு இல்லாமல், எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் சீட்டுகள் தேய்ந்து உள்ளே இறங்கியிருக்கும். சும்மா கிரைண்ட் செய்து விட்டால் மறுபடி இறங்கும், கடினமான சீட் இன்சர்ட் அடித்துவிட்டால் நம் காலத்துக்கும் போதும். போரிங், கிராங்க் கிரைண்டிங் எல்லாம் மதுரையிலேயே தரமாகச் செய்கிறார்கள். பாயின்ட், கண்டன்சர், பிஸ்டன் செட், கேஸ்கட் கிடைப்பதிலும் எனக்குச் சிரமம் வரவில்லை. பி.எம்.சி. டீசலின் ரோட்டரி பம்பைத் திறந்து சரியாகக் கேலிப்ரேஷன் வைக்கத் தெரிந்த கைகள்தான் வருடத்துக்கு வருடம் குறைகின்றன.

ஏற்கெனவே மாற்றிய டீசல் அம்பாசிடர் ஒன்றை வாங்கப் போகிறீர்கள் என்றால், அது வேறு கேள்வி. முறையாக எழுதிய வண்டி என்றால் தாராளமாக வாங்கலாம். ஆர்.சி.யில் எரிபொருள் டீசல் என்று இருக்கிறதா, பிளாக்கில் உள்ள எஞ்சின் நம்பர் அதனோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா, சிசியும் அதேதானா என்று பாருங்கள். மத்திய அரசின் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டால் எரிபொருள் வந்துவிடும். பழைய மூன்றெழுத்து நம்பர் வண்டிகள் சில அதில் ஏற்றப்படாமல் இருக்கும், அப்படி இருந்தால் முன்பணம் கொடுப்பதற்கு முன் வண்டிக்காரரையே ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அழைத்துப் போய்ப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். வர மறுத்தால் அந்த வண்டி வேண்டாம்.