கிஃப்ட் கார்ட், பவுண் நகை, வவுச்சர், ஊர்ச் செலவு: கடனட்டைப் பொயின்ட்ஸுக்கு எந்த வழி தேறும்?

லீவுக்கு ஊருக்கு வருகிற மச்சான்மாரில் யாராவது ஒருவர் கட்டாயம் இந்தக் கதையை எடுப்பார். கடனட்டையால் 500 டொலருக்குக் கிஃப்ட் கார்ட் வாங்குவதாம், அதைத் திரும்பக் காசாக்குவதாம், அந்தக் காசை அப்படியே கடனட்டைக்குக் கட்டிவிடுவதாம், செலவழித்ததற்காக அட்டைக்காரர் தருகிற பொயின்ட்ஸ் மட்டும் கையில் மிஞ்சுமாம், அதை வைத்து பிசினஸ் கிளாஸில் பறக்கலாமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் இருந்து கேட்கிற பெடியனுக்கு வருகிற கேள்விதான் எனக்கும்: இதை யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு செய்யலாமா, ஏலாது என்றால் இங்கே அதற்குக் கிட்டவாக வேறு என்ன இருக்கிறது?

எத்தனை பொயின்ட்ஸ் விழும் என்று மட்டும் பார்ப்பவர்கள் பாதிக் கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். போட்ட காசு திரும்பக் கைக்கு வர எவ்வளவு செலவாகும், எத்தனை நாள் எடுக்கும், நடுவில் எங்கே மாட்டுப்படலாம் என்பதுதான் மற்றப் பாதி. கீழே எல்லா வழியையும் அந்தப் பாதியால்தான் அளக்கிறேன்.

அமெரிக்க முறை

முதலில் மூல வித்தை. அமெரிக்காவில் விசா, மாஸ்டர்கார்ட் பெயர் போட்ட கிஃப்ட் கார்ட்டுகள் பலசரக்குக் கடைகளில் தொங்கும். 500 டொலர் கார்ட் ஒன்றுக்குச் செயற்படுத்தும் கட்டணமாக 6 முதல் 8 டொலர் வரை எடுப்பார்கள். 5.95 என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கார்ட்டுக்கு இரகசிய இலக்கம் (PIN) போடலாம், ஆகவே பற்றட்டை (டெபிட் கார்ட்) மாதிரி அதைக் கொடுத்துக் காசுக்கட்டளை (மணி ஓடர்) வாங்கலாம், அதற்கு இன்னொரு டொலர் என்று வையுங்கள், பிறகு காசுக்கட்டளையை வங்கியில் வைப்பிலிட வேண்டியதுதான். 505.95 டொலருக்கு 2 வீதம் திரும்பத் தரும் கடனட்டை என்றால் 10.12 வரும். செலவு 6.95 போக மிச்சம் 3.17. இவ்வளவுக்கும் இரண்டு கடை, ஒரு வங்கி, அத்தனை இடத்திலும் கியூ. சுப்பர்மார்க்கெட் செலவுக்கு 5 வீதம் தரும் அட்டை என்றால் அதே கார்ட்டில் 18 டொலருக்கு மேல் நிற்கும், அப்போதுதான் இது ஒரு வேலையாகிறது. ஆட்கள் மினக்கெட்டு நின்றதெல்லாம் அந்த 5 வீதத்துக்காகத்தான்.

அங்கே இதற்கு ஒரு சரித்திரமே உண்டு. அமெரிக்க நாணயசாலை 2008 முதல் ஒரு டொலர் நாணயங்களை முகப்பு விலைக்கே, தபால் செலவும் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பியது. மக்கள் கையில் நாணயம் புழங்கட்டும் என்பது அரசின் எண்ணம். சனம் கடனட்டையால் பெட்டி பெட்டியாக வாங்கி, நேரே வங்கியில் கொண்டுபோய்க் கொட்டியது. 2011 ஜூலையில் நாணயசாலை கடனட்டையை நிறுத்தியது. அதன் பிறகு 2012இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸும் வால்மார்ட்டும் சேர்ந்து புளூபேர்ட் என்ற கணக்கைக் கொண்டுவந்தன, அதற்குள் காசேற்றி அதிலிருந்தே பில் கட்டலாம், கொஞ்சக் காலம் அதுதான் தங்கச் சுரங்கம். 2016 ஜனவரியில் கனபேரின் கணக்குகளை ஒரேயடியாக முடக்கினார்கள். ஒவ்வொரு முறையும் இப்படித்தான்: நாலு பேருக்குத் தெரியும் வரை ஓடும், நாலாயிரம் பேர் வந்ததும் கதவு பூட்டுப்படும். மச்சான் சொல்லுகிற கதையில் பாதி ஏற்கெனவே பூட்டிய கதவு.

வரிக் கணக்கும் உண்டு. ஒரு கணவன் மனைவி 2013, 2014 இரண்டு வருடங்களிலும் சேர்த்து 3 இலட்சம் டொலருக்கு மேல் இப்படித் திரும்பப் பெற்று, வரித் திணைக்களத்தோடு நீதிமன்றம் வரை போனார்கள். 2021இல் தீர்ப்பு வந்தது. கடனட்டையால் கிஃப்ட் கார்ட் வாங்கிக் கிடைத்ததற்கு வரி இல்லை, ஏனென்றால் அது வாங்கிய பொருளில் கழிவு கிடைத்த மாதிரி. கடனட்டையால் நேரடியாகக் காசுக்கட்டளை வாங்கியும், திரும்பத் திரும்ப நிரப்பக்கூடிய பற்றட்டைக்குக் காசேற்றியும் கிடைத்தது வருமானம், அதற்கு வரி உண்டு. எனக்கு இந்தத் தீர்ப்பு பிடிக்கும், கிஃப்ட் கார்ட்டைப் பொருள் என்றும் காசுக்கட்டளையைக் காசு என்றும் இவ்வளவு நேராகப் பிரித்துக் காட்டியதால்.

ஆனால் ஆபத்து வரியில் இல்லை. அங்கே தபாற்கந்தோரில் ஒரே நாளில் 3,000 டொலருக்கோ அதற்கு மேலோ காசுக்கட்டளை வாங்கினால் படிவம் நிரப்பி அடையாள அட்டை காட்ட வேண்டும். சரி, 2,900 ஆகப் பிரித்து வாங்குவோம் என்று யோசிக்கிற மூளை நம்மிடம் தாராளமாக இருக்கிறது. பதிவில் விழாமல் இருப்பதற்காகவே பிரிப்பது அந்த நாட்டுச் சட்டப்படி தனியான குற்றம், காசு முழுக்க நேர்மையான காசாக இருந்தாலும் குற்றம்தான். வங்கியும் மாதாமாதம் காசுக்கட்டளைக் கட்டோடு வருகிறவரை வாடிக்கையாளராக வைத்திருக்க விரும்பாது. அட்டை நிறுவனமும் கிஃப்ட் கார்ட் போன்றவை பொயின்ட்ஸுக்குச் சேராது என்று விதியில் எழுதி வைத்திருந்தால், கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கும். இதெல்லாம் போதாதென்று, தொங்குகிற கார்ட்டின் இலக்கத்தைத் திருடர்கள் முன்கூட்டியே குறித்துவைத்து, நீங்கள் காசேற்றியதும் உருவி எடுக்கும் வேலை வேறு நடக்கிறது. ஒரு கார்ட் போனால் 500 டொலர். 3.17 லாபத்தில் அதை ஈடுகட்ட எத்தனை கார்ட் வாங்க வேண்டும் என்று நீங்களே பிரித்துப் பாருங்கள்.

கடைப் பெயர் போட்ட கிஃப்ட் கார்ட்டை வாங்கி வேறொருவருக்கு விற்பது இதன் தம்பி முறை. முகப்பு விலைக்கு யாரும் வாங்கமாட்டார்கள், கழிவில்தான் போகும், ஆகவே கார்ட்டே தள்ளுபடியில் கிடைத்த நாளில் மட்டும் தேறும்.

கனடா மச்சானின் நிலை

ஸ்காபரோவில் இருப்பவர் சொல்வதும் நியூயோர்க்கில் இருப்பவர் சொல்வதும் ஒன்றல்ல. கனடாவில் கார்ட்டைக் காசாக்கும் பாதை அமெரிக்கா மாதிரி வாய்த்ததில்லை. அங்கே புத்தியாகச் செய்கிறவர்கள் காசாக்கவே போவதில்லை. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கோபால்ட் அட்டை பலசரக்குக்கு ஒரு டொலருக்கு 5 பொயின்ட்ஸ் தருகிறது, மாதம் 2,500 டொலர் வரை. அந்த அட்டையை ஏற்கிற சுப்பர்மார்க்கெட்டிலேயே, தாங்கள் எப்படியும் போகப்போகிற மற்றக் கடைகளின் கிஃப்ட் கார்ட்டை வாங்கிவிடுகிறார்கள். தளபாடக் கடையில் நேரே கொடுத்தால் ஒரு மடங்கு, சுப்பர்மார்க்கெட் வழியாகச் சுற்றிவந்தால் ஐந்து மடங்கு. காசு வெளியே வர வேண்டிய தேவையே இல்லை, அது எப்படியும் செலவாகப் போகிற காசு. என்னைக் கேட்டால் அமெரிக்க முறையைவிட இதுதான் கெட்டித்தனம். இந்த யோசனை யாழ்ப்பாணத்துக்கும் கொஞ்சம் வரும், பிறகு சொல்லுகிறேன்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். “நான் இங்கே வாங்கி இலக்கத்தை வைபரில் அனுப்புகிறேன், நீ அங்கே பாவி” என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அமெரிக்க விசா கிஃப்ட் கார்ட் பெரும்பாலும் அந்த நாட்டுக்குள் மட்டும்தான் ஓடும். ஆப்பிள் கார்ட்டும் வாங்கிய நாட்டுக் கணக்கோடுதான் சேரும். முன்பின் தெரியாத ஒருவர் தொலைபேசியில் கிஃப்ட் கார்ட் இலக்கம் கேட்டால் அது களவு, அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

இனி நம்மூர்

இங்கே விசா கிஃப்ட் கார்ட்டைக் கொடுத்துக் காசுக்கட்டளை வாங்கும் வழி கிடையாது. வெளிநாட்டு இணையத்தளத்தில் வாங்கலாம் என்றால், இலங்கைக் கடனட்டையில் வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு 1,000 ரூபாவுக்கு 25 ரூபா முத்திரை வரி, அதற்கு மேல் வங்கி நாணய மாற்றில் வைத்து எடுக்கிற பங்கு. நம்முடைய அட்டை நூற்றுக்கு ஒரு ரூபா திருப்பித் தருகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், வாசலிலேயே அதைப்போல இரண்டரை மடங்கு போய்விடுகிறது. அந்தக் கதை அதோடு முடிந்தது.

அடுத்தது, கடையில் அட்டையைத் தேய்த்துக் காசாக வாங்குவது. சாமான் ஒன்றும் வாங்காமல் வாங்கியதாக பில் போட்டு, கடைக்காரர் தன் கழிவைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார். அவசரத்துக்குச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பொயின்ட்ஸுக்காகச் செய்தால் ஒரு ரூபாவுக்காக மூன்று ரூபா கொடுக்கிற கதை, அட்டை ஒப்பந்தத்துக்கும் விரோதம், பிடிபட்டால் உங்கள் அட்டையும் போகும் அவருடைய மெஷினும் போகும். ஏரிஎம்மில் கடனட்டை போட்டுக் காசெடுப்பது இன்னும் மோசம்: கட்டணம் தனி, வட்டி எடுத்த நாளிலிருந்தே ஓடும்.

பவுண் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் யாழ்ப்பாணத்து மூளை முதலில் ஓடுவது அங்கேதான். கடனட்டையால் நகை வாங்கு, பொயின்ட்ஸை எடு, நகையை அடைவு வை, அந்தக் காசால் அட்டையைக் கட்டு. கஸ்தூரியார் வீதியில் ஒரு நகைக்கடைக்குள் ஏறி, பவுண் என்ன விலை என்று கேளுங்கள், ஒரு இலக்கம் சொல்வார்கள். கடனட்டையை எடுத்து மேசையில் வையுங்கள். அவர் பேசாமல் கல்குலேற்றரை எடுத்து நாலு தட்டுத் தட்டி உங்கள் பக்கம் திருப்புவார், இலக்கம் மாறியிருக்கும். இரண்டரை, மூன்று வீதம் கூடுதல். அட்டையால் கட்டுகிறவரிடம் கூடுதலாக வாங்கக்கூடாது என்று மத்திய வங்கி சொல்லித்தான் இருக்கிறது, ஆனால் “அப்ப காசாத் தாங்கோ, குறைச்சுத் தாறன்” என்பதற்கு என்ன பதில் சொல்வது? அதன் மேல் செய்கூலி, சேதாரம். அடைவு வைத்தால் நகையின் முழுப் பெறுமதியும் கடனாக வராது, வருகிற காசுக்கும் வட்டி. விற்றால் கூலியும் சேதாரமும் திரும்பாது. பவுண் விலை ஏறினால் எல்லாம் சரிவரும் என்பார்கள், ஏறவும் செய்யலாம், ஆனால் அது பவுணில் வந்த லாபம், கைக்காசு கொடுத்து வாங்கியிருந்தால் இன்னும் கூட வந்திருக்கும்.

சுப்பர்மார்க்கெட் வவுச்சரை வாங்கி அயலட்டைக்கு விற்கலாமே என்று ஒருவர் கேட்டார். பக்கத்து வீட்டு அக்கா 5,000 ரூபா வவுச்சரை 5,000 கொடுத்து ஏன் வாங்க வேண்டும், காசு என்றால் சந்தையிலும் செல்லுமே. 4,900க்குக் கொடுத்தால் 100 போய்விட்டது, கிடைத்த பொயின்ட்ஸ் 50 ரூபா. சொந்தப் பாவனைக்கு என்றால் வவுச்சர் பரவாயில்லை. ஆனால் வங்கிகள் சில நாட்களில் அறிவிக்கிற 15, 20 வீதக் கழிவு இருக்கிறதே, மரக்கறி, பழம், மீன், அல்லது மொத்த பில்லுக்கு என்று, அதற்குக் கிட்ட எந்தப் பொயின்ட்ஸும் வராது. அந்தக் கழிவை வவுச்சருக்குள் பூட்டிவைத்து மாதம் முழுக்க அனுபவிக்கலாம் என்று நினைப்பவர்களுக்காகவே விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்: பரிசு வவுச்சர், மதுபானம், சிகரெட் சேராது, உச்ச வரம்பு இவ்வளவு. ஆகவே கழிவு நாளில் நேரே போய்ச் சாமானையே வாங்குவதுதான் வழி, கனடா மச்சானின் யோசனையை இவ்வளவுதான் இங்கே கொண்டுவரலாம்.

எனக்குத் தேறியதாகப் படுவது

ஊர்ச் செலவு. நம்மிடத்தில் தனியாள் செலவைவிடக் கூட்டுச் செலவு கூட. பழைய மாணவர் ஒன்றுகூடலுக்கு மண்டபம், சாப்பாடு. பெறாமகளின் கலியாணத்துக்கு ஹோட்டல் அறைகள். அண்ணர் வீட்டுக்குக் குளிர்சாதனப் பெட்டி. ஏழெட்டுப் பேருக்குப் பலாலியில் இருந்து சென்னைக்கு டிக்கெட். இவற்றை உங்கள் அட்டையில் போட்டுவிட்டு, அவரவர் பங்கைக் காசாகவோ வங்கி வழியாகவோ வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்கன் 7 டொலர் செலவழித்துச் செய்கிற அதே வேலைதான் இது, உங்கள் அட்டையால் போன காசு முழுசாக வேறு வழியில் திரும்பி வருகிறது, ஆனால் கட்டணம் இல்லை, பொய் பில் இல்லை, சாமான் உண்மையான சாமான். ஒரே நிபந்தனை, அட்டைக்குக் கூடுதலாக எடுக்காத இடமாக இருக்க வேண்டும். ஹோட்டல், விமானச் சீட்டு, பெரிய மின்சாதனக் கடைகள் பெரும்பாலும் எடுப்பதில்லை.

இதிலும் ஒரு பொல்லாப்பு இருக்கிறது. “அடுத்த கிழமை தாறன்” என்கிற சொந்தக்காரர். வட்டியில்லாத காலம் பில் விழுகிற நாளைப் பொறுத்து அதிகபட்சம் 50 நாள் சொச்சம்தான், அது தாண்டினால் வட்டி வருடத்துக்கு 20 வீதத்துக்கு மேல், ஒரு மாத வட்டியே அந்தச் செலவுக்கு விழுந்த பொயின்ட்ஸைச் சாப்பிட்டுவிடும். பெரிய மாமாவிடம் போய் “உங்கட பங்கு இன்னும் வரேல்லை” என்று கேட்க வாய் வருமா? வராது என்றால் அவருடைய டிக்கெட்டை உங்கள் அட்டையில் போடாதீர்கள். காசு முதலில் கைக்கு வந்த பிறகு அட்டையைத் தேய்ப்பது இன்னும் நல்லது. நான் அப்படித்தான் செய்கிறேன், கொஞ்சம் கஞ்சத்தனமாகத் தெரிந்தாலும் பரவாயில்லை.

பொயின்ட்ஸை எதுவாக வாங்குவது என்பதில் யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. பல வங்கிகள் பொயின்ட்ஸை ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸின் ஃபிளைஸ்மைல்ஸ் மைல்களாக மாற்றித் தருகின்றன, லண்டன் போன்ற தூரப் பயணத்துக்கு அது நல்ல பெறுமதி. ஆனால் 2019 ஒக்டோபரில் திறந்த நம்முடைய பலாலிச் சர்வதேச விமான நிலையத்தில், 2022 டிசம்பரில் சென்னைச் சேவையைத் திரும்பத் தொடங்கியது இந்தியாவின் அலையன்ஸ் எயார், 2024 செப்டெம்பரில் வந்தது இண்டிகோ. சென்னைக்கே அடிக்கடி போகிற ஆளுக்கு ஃபிளைஸ்மைல்ஸைப் பாவிக்க வேண்டுமென்றால் ஸ்ரீலங்கன் விமானத்துக்காக இரவு பஸ் ஏறிக் கட்டுநாயக்க போக வேண்டும். அவருக்குக் காசாகவே திருப்பித் தருகிற அட்டைதான் சரி, அந்தக் காசில் பலாலியிலேயே ஏறிக்கொள்ளலாம்.