சம்ப்: மீன் தொட்டிக்கு அடியிலா, கீழ் மாடியிலா?

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேல் மாடி ஹோலில் ஒரு மீன் தொட்டி. நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம்; விளிம்புவரை நிரப்பினால் 450 லீற்றர் பிடிக்கும். அதன் சம்ப்பை, அதாவது மீன் தொட்டித் தண்ணீர் வடிந்து வந்து பம்ப்பால் மறுபடி மேலே ஏறுகிற, வடிகட்டியும் பம்ப்பும் இருக்கிற இரண்டாவது தொட்டியை, எங்கே வைப்பது என்று மூன்று மாதம் யோசித்தேன். தெஹிவளையில் என் மச்சானிடம் இதே அளவுத் தொட்டி இருக்கிறது. அவர் சம்ப்பை ஸ்டாண்டுக்குள்ளேயே வைத்திருக்கிறார். நான் கீழே கொண்டுபோய், குசினிக்குப் பின்னால் உள்ள தாழ்வாரத்தில் வைத்தேன். இன்று மறுபடி கட்டச் சொன்னாலும் கீழேதான் வைப்பேன்.

தெரிந்த விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டாண்டுக்குள் வைத்தால் செலவு குறைவு, சுவரில் ஓட்டை வேண்டாம், நாலைந்து அடி பைப் போதும். வாடகை வீடு, ப்ளாட் என்றால் வேறு வழியே இல்லை. கீழே வைத்தால் ஹோலில் பம்ப் சத்தம் இல்லை, தண்ணீர் மாற்ற வாளியோடு படி ஏற வேண்டாம், வடிகட்டிப் பஞ்சை வெளிக் குழாயடியிலேயே கழுவலாம். இதற்காகச் சிலாப்பைத் துளைக்க வேண்டாம், உள்ளே கம்பி இருக்கிறது. நான் பின்சுவரில் துளைத்து, பைப்பை வெளிப்பக்கமாக இறக்கினேன். வெயில் படும் பகுதிக்குப் பெயின்ற் அடித்தாயிற்று.

கரண்ட் பில்லில் மச்சானுக்குத்தான் வெற்றி. வடிகிற தண்ணீரின் பாரம் ஏறுகிற தண்ணீரை இழுத்துக் கொடுக்கும் என்று நான் நம்பியிருந்தேன். சம்ப் திறந்த தொட்டி. அங்கே விழுந்ததுமே அந்த வேகம் முடிந்துவிடுகிறது. முழு உயரத்துக்கும் பம்ப்தான் தூக்க வேண்டும். அவருக்கு அது சுமார் 1.4 மீற்றர், எனக்கு 4.5 மீற்றர். மணிக்கு 3,000 லீற்றர் ஏற்ற அவருடைய பம்ப் 35 வாட் எடுக்கிறது, என்னுடையது 110 வாட். நாள் முழுக்க ஓடும்போது மாதத்துக்கு ஐம்பத்துநாலு யூனிட் அதிகம். நம் நாட்டுப் பில் படிப்படியாக ஏறுகிற பில் என்பதால், அந்த யூனிட்டுகள் எல்லாம் உங்கள் கடைசிப் படியின் விலையில்தான் விழும். பம்ப் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெட்டியில் 4 மீற்றர் ஹெட், அதாவது தூக்கும் உயரம், என்று போட்டிருந்தால், 4 மீற்றரில் அதிலிருந்து ஒரு சொட்டும் வராது என்று அர்த்தம். நான் 7 மீற்றர் போட்டதை வாங்கினேன்.

அப்படியிருந்தும் ஏன் கீழே? கரண்ட் போகும் நேரத்துக்காகத்தான். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த ஊர் இது. பம்ப் நின்ற கணத்தில் மேலே இருக்கும் தண்ணீரில் ஒரு பகுதி கீழே இறங்கும். அது எவ்வளவு, அதைத் தாங்க சம்ப்பில் இடம் இருக்கிறதா என்பதுதான் மேல் மாடியில் தொட்டி வைப்பவருக்கு முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

நீளமான பைப் என்பதால் அதிகம் இறங்கும் என்று எல்லோரும் என்னைப் பயமுறுத்தினார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். வடிகால் 50 மில்லிமீற்றர் பைப், மீற்றருக்கு ஒன்றரை லீற்றர் பிடிக்கும். ஆறு மீற்றருக்கு ஒன்பது லீற்றர். ஏறுகிற 32 மில்லிமீற்றர் பைப் ஏழு மீற்றர், அதில் நாலு லீற்றர். மொத்தம் பதின்மூன்று லீற்றர்தான். பெரிய தண்ணீர் பைப்பில் இல்லை, தொட்டியின் மேற்பரப்பில் இருக்கிறது. நாலுக்கு இரண்டடித் தொட்டியில் ஒரு சென்ரிமீற்றர் இறங்கினாலே ஏழரை லீற்றர்! முதலில் நான் ஏறுகிற பைப்பின் மேல் வாயை நீர்மட்டத்துக்கு 5 சென்ரிமீற்றர் கீழே வைத்திருந்தேன். பம்ப் நின்றதும் அந்த வாய் வழியே தண்ணீர் சைஃபனாகப் பின்னோக்கி இறங்கியது. வாயில் காற்று ஏறும்வரை நிற்கவில்லை. அந்த 5 சென்ரிமீற்றரே 37 லீற்றர். பைப்போடு சேர்த்து ஐம்பது.

மச்சானின் சம்ப்பில் மிச்ச இடம் நாற்பது லீற்றர். ஸ்டாண்டுக்குள் அதற்கு மேல் முடியாது. ஆகவே அவர் வாயை மிகச் சரியாக வைக்க வேண்டும், நீர்மட்டத்தை நாள்தோறும் பார்க்க வேண்டும். எனக்குக் கீழே 300 லீற்றர் ஃபைபர் தொட்டி, அதில் எப்போதும் நூறு லீற்றர் காலி. பிறகு வாயை ஒன்றரை சென்ரிமீற்றருக்கு உயர்த்திவிட்டேன். இப்போது இறங்குவது முப்பதுக்கும் குறைவு. தண்ணீரைப் பின்னோக்கி விடாத நொன்-ரிட்டர்ன் வால்வை நம்பி இந்தக் கணக்கைப் போடாதீர்கள். உள்ளே பாசியோ ஒரு சிறு நத்தையோ சிக்கினால் அது மூடாது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்கக் கரண்ட் போனபோது நாங்கள் ஒரு கல்யாண வீட்டில் இருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் தாழ்வாரத் தரை காய்ந்து கிடந்தது.

பெரிய சம்ப்புக்கு எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. வடிகால் அடைத்துக்கொண்டால் பம்ப் கீழே உள்ளதையெல்லாம் மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். என் தொட்டியில் விளிம்புவரை மிச்சம் 4 சென்ரிமீற்றர், அதாவது முப்பது லீற்றர். அதனால் பம்ப் இருக்கும் அறையை மட்டும் தடுப்பு வைத்து, 25 லீற்றருக்கு மேல் உறிஞ்ச முடியாதபடி பிரித்திருக்கிறேன். கட்டி முடித்த அன்றே வடிகாலைக் கையால் அடைத்தும், பிளக்கைப் பிடுங்கியும் பாருங்கள். இரண்டையும் செய்யாமல் மீன் விடாதீர்கள்.

வடிகாலுக்கு ஒற்றைப் பைப் போட்டிருந்த முதல் வாரம், பாதி காற்றும் பாதித் தண்ணீருமாக இறங்கி இரவெல்லாம் கடகடவென்றது. அப்புறம் இரண்டு பைப் ஆக்கினேன். ஒன்று முழுக்கத் தண்ணீர் நிறைந்து சைஃபனாக இறங்கும், மற்றது அவசரத்துக்குச் சும்மா நிற்கும். தண்ணீர் இறங்கும் அளவைக் கூட்டிக் குறைக்கும் கேட் வால்வைக் கீழே, சம்ப்புக்குப் பக்கத்தில் போடுங்கள். மேலே போட்டால் அதற்குக் கீழே பைப்பில் அழுத்தம் குறைந்து, மூட்டுகள் வழியே காற்றை இழுக்கும்.

நீண்ட மின்வெட்டில் மச்சானின் 35 வாட் பம்ப்பை ஒரு சிறிய இன்வேர்ட்டர் தாங்கும். என்னுடையதற்கு அது போதாது. மேலே பற்றரி ஏர் பம்ப் ஒன்று வைத்திருக்கிறேன். அதை நாலு மணித்தியாலத்துக்கு மேல் ஓடவிட்டுப் பார்க்க வேண்டிய தேவை இன்னும் வரவில்லை. இதெல்லாம் நன்னீர்த் தொட்டியின் அனுபவம். கடல்நீர் வைப்பவர்களுக்கு, தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் கக்கும் சூடு ஹோலுக்குள் வராமல் கீழேயே போய்விடும் என்ற ஒரு காரணமே போதுமாக இருக்கலாம். ஆனால் நான் கடல்நீர் வைத்ததில்லை.