அப்பாவின் நெகட்டிவ் டின்னும் மதுரை ஸ்கேன் கடையும்

தை மாதம் ஊருக்குப் போனபோது அப்பா பீரோவில் ஒரு பிஸ்கட் டின் நிறைய நெகட்டிவ் கிடைத்தது. பாதி, ஆக்ஃபா கிளிக் 3 கேமராவில் அவர் எடுத்த கறுப்பு வெள்ளை, 120 என்ற அகலமான பிலிம், சதுரப் படங்கள். அந்தச் சுருள் வந்த அட்டைப்பெட்டியைக் கூட எறியவில்லை மனுஷன்: 'இந்து' பிலிம், நம்ம ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் சரக்கு. மீதி அக்கா கல்யாணம், 35 மி.மீ. கலர்.

மதுரையில் ஒரு கடையில் கொடுத்தேன், படத்துக்கு 15 ரூபாய். "எந்த ஸ்கேனர்ண்ணே?" என்றால், "நல்ல மெஷின் சார், 6400 டிபிஐ" என்றார், அதாவது ஒரு அங்குலத்துக்கு 6400 புள்ளி. நாலு நாள் கழித்து பென் டிரைவைப் போட்டுப் பார்த்தால் கல்யாணப் படம் ஒவ்வொன்றும் 1700க்கு 1134 பிக்சல், அதாவது 1200 டிபிஐ-யில் ஓட்டியிருக்கிறார்கள். அதையாவது மன்னிக்கலாம். கறுப்பு வெள்ளையில் தூசி நீக்கும் 'ஐஸ்' வசதியைப் போட்டுவிட்டிருந்தார்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. அது அகச்சிவப்பு ஒளியை வைத்துத் தூசியைக் கண்டுபிடிக்கிறது. கலர் பிலிமின் சாயத்தில் அந்த ஒளி ஊடுருவிவிடும், கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளித்துகள் என்பதால் அதையும் தூசி என்று நினைத்து அழித்துவிடும். தாத்தா மீசை மெழுகு மாதிரி உருகிக் கிடந்தது.

அப்புறம் கல்யாண போட்டோ எடுக்கும் தம்பி ஒருவர், எல்இடி பலகை மேல் நெகட்டிவை வைத்து மிக நெருங்கி எடுக்கும் மேக்ரோ லென்ஸில் ஒரே மதியத்தில் 200 படம் எடுத்துத் தந்தார். கூர்மை அபாரம். கலர் நெகட்டிவ் பிலிமுக்கே உள்ள ஆரஞ்சு நிறத்தைக் கழிப்பதில்தான் தடுமாற்றம், அக்கா முகம் கொஞ்சம் பச்சையாக இருக்கிறது (அக்கா இதைப் படிக்க மாட்டாள் என்று நம்புகிறேன்).

சரி, சொந்தமாகவே ஒரு ஸ்கேனர் வாங்கிவிடலாம் என்று பார்த்தேன். பிளஸ்டெக் 8200i ஸ்கேனர் பெட்டியில் 7200 டிபிஐ என்று போட்டிருந்தாலும், சோதித்தவர்கள் கணக்கில் 3200 சொச்சம்தான் தேறும். 35 மி.மீ. படத்துக்கு அதுவே ஏராளம், ஆனால் 120 பிலிம் அதில் நுழையவே நுழையாது. எப்சன் வி600 இரண்டையும் வாங்கிக்கொள்ளும், ஆனால் 6400 என்று சொல்லிக்கொண்டு உண்மையில் 1500, 1600 தான் தருகிறது. அப்பாவின் சதுரப் படம் பெரியது, 5.6 செ.மீ., அந்த 1600-லேயே 12 மெகாபிக்சல் வந்துவிடும். 35 மி.மீ.-க்கு மூன்றரைதான். அதனால் டொராண்டோ திரும்பியதும் வி600, ஐஸை அணைத்துவிட்டு. கல்யாணப் படத்துக்குத் தம்பி கொடுத்ததே போதும், நிறத்தை நானே உட்கார்ந்து திருத்திக்கொள்கிறேன்.

ஏர்போர்ட் எக்ஸ்ரேயில் நெகட்டிவ் போய்விடும் என்று வீட்டில் பயந்தார்கள். கழுவிய பிலிமை அது ஒன்றும் செய்யாது என்று சொல்லி, டின்னைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டேன். திறக்கச் சொன்ன செக்யூரிட்டி அம்மா உள்ளே பார்த்துவிட்டு, "முறுக்குன்னு நினைச்சேன் சார்" என்றார்.