ஒரே மேசையில் இரண்டு பாட்டில்: வீட்டு ஒயினா, கடை ஒயினா?

வீட்டில் போட்ட ஒயினை இரவுச் சாப்பாட்டில் ஊற்றினால் எல்லோரும் "நன்றாக இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். போட்டவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார், வேறு என்ன சொல்ல முடியும்? கடைப் பாட்டிலுக்கோ அதன் லேபிளே பாதி மதிப்பெண் வாங்கித் தந்துவிடும். இந்த இரண்டு சலுகைகளையும் கழித்த பிறகுதான் ஒப்பீடு நேர்மையாகும். அப்படிப் பார்த்தால் எங்கள் தீர்ப்பு இது: இளசாகக் குடிக்கும், துவர்ப்புக் குறைந்த, புளிப்பு நிமிர்ந்து நிற்கும் ஒயின்களில் வீட்டுச் சரக்கு கடைச் சரக்கோடு சமமாக நிற்கும், பழ ஒயின்களில் முந்தவும் செய்யும். அழுத்தமான சிவப்பு ஒயினிலும், இனிப்போ குமிழோ உள்ள ஒயினிலும் கடைப் பாட்டிலை எட்டிப் பிடிப்பது கடினம். எதை எந்தச் சாப்பாட்டோடு, எத்தனையாவதாக ஊற்றுவது என்பது இதிலிருந்தே தெரிந்துவிடும்.

ஆல்கஹால் எவ்வளவு?

கடைப் பாட்டிலில் ஆல்கஹால் சதவீதம் அச்சாகியிருக்கும். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, பெரும்பாலான ஒயின்களில் அந்த எண் உண்மை அளவிலிருந்து அரை சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. வீட்டு ஒயினில் அது ஹைட்ரோமீட்டரை (திரவத்தின் அடர்த்தியைத் தண்ணீரோடு ஒப்பிட்டுக் காட்டும் கருவி; தண்ணீர் 1.000) இரண்டு முறை பார்த்துக் குறித்துவைத்தவருக்கு மட்டுமே தெரியும். ஈஸ்ட் போடுமுன் 1.090, நொதித்து அடங்கிய பின் 0.995 என்றால் வித்தியாசம் 0.095. அதை 131ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 12.4 சதவீதம். முதல் அளவை எடுக்காமல் விட்டவர் சொல்லும் எண் வெறும் ஊகம்.

வீட்டில் அடிக்கடி நடக்கும் தவறு, சர்க்கரையைக் கைக்கணக்கில் கொட்டுவது. ஒரு லிட்டரில் சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்தால் 1 சதவீத ஆல்கஹால் வரும். ஹைட்ரோமீட்டரில் 1.060 காட்டும் பழச்சாற்றை 1.090க்கு ஏற்ற, லிட்டருக்கு 80 முதல் 85 கிராம் போதும். "கொஞ்சம் இனிப்பாக இருக்கட்டுமே" என்று 200 கிராம் போட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். இசி-1118 போன்ற முரட்டு ஈஸ்டாக இருந்தால், அது 18 சதவீதம் வரை தாங்கும் என்பதால், தொண்டையைச் சுடும் ஒயின் கிடைக்கும். மென்மையான ஈஸ்டாக இருந்தால் 13, 14 சதவீதத்திலேயே ஓய்ந்துபோய் மீதிச் சர்க்கரையை அப்படியே விட்டுவிடும்.

பகிரும்போது இதை மறக்கக் கூடாது. 12 சதவீத ஒயின் 150 மி.லி.யில் இருக்கும் அதே ஆல்கஹால், 15 சதவீத ஒயினில் 120 மி.லி.யிலேயே வந்துவிடும். வீட்டுப் பழ ஒயினில் இனிப்பு அதை மறைத்துவிடுவதால் குடிப்பவருக்குத் தெரியாது. அதனால் கனமான வீட்டு ஒயினைச் சிறிய கிளாசில் ஊற்றுங்கள். ஏன் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு கவலை மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால். பழத்தின் பெக்டினிலிருந்து கொஞ்சம் வரத்தான் செய்யும், ஆனால் சாதாரணமாக நொதித்த ஒயினில் அது ஆபத்தான அளவை எட்டாது. அதையே காய்ச்சி வடிக்கப் போனால் கதை வேறு. அந்தப் பக்கமே போகக் கூடாது.

இனிப்பும் வெடிக்கும் பாட்டிலும்

கடை ஒயின் இனிப்பாக இருந்தும் பாட்டிலுக்குள் மீண்டும் பொங்காததற்குக் காரணம், ஈஸ்ட்கூட நுழைய முடியாத 0.45 மைக்ரான் வடிகட்டி. வீட்டில் அது கிடையாது. லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை மூடிய பாட்டிலுக்குள் நொதித்தால் சுமார் 1 அட்மாஸ்ஃபியர் அழுத்தம் உண்டாகும். 20 கிராம் மிச்சமிருந்து அத்தனையும் நொதித்தால் 5. குமிழ் ஒயினுக்கான தடித்த பாட்டில் அதைத் தாங்கும். சாதாரண ஒயின் பாட்டில் தாங்காது. பரிசாகக் கொடுத்த பாட்டில் வெயிலில் நின்ற காருக்குள் கார்க்கைத் தள்ளுவதும், சில சமயம் கண்ணாடியே சிதறுவதும் இதனால்தான்.

ஒயினை நன்றாகத் தெளியவிட்டு, மண்டியிலிருந்து வேறு பாத்திரத்துக்கு மாற்றி, இரண்டு மூன்று வார இடைவெளியில் எடுத்த ஹைட்ரோமீட்டர் அளவுகள் மாறவில்லை என்று உறுதி செய்த பிறகே இனிப்புச் சேர்க்க வேண்டும். அத்தோடு லிட்டருக்கு 0.2 முதல் 0.25 கிராம் பொட்டாசியம் சோர்பேட், கூடவே சல்பைட் (ஒயினைக் கெடாமல் காக்கும் கந்தக உப்பு). சோர்பேட் ஈஸ்டைக் கொல்லாது, பெருகவிடாமல் மட்டும் தடுக்கும். அதனால் கலங்கலான ஒயினில் போட்டால் பயனில்லை. சல்பைட்டை விட்டுவிட்டுச் சோர்பேட் மட்டும் போட்டால், லாக்டிக் பாக்டீரியா அதைத் தின்று ஜெரேனியம் இலையைக் கசக்கிய வாடையைக் கிளப்பும். அந்த வாடை வந்துவிட்டால் போக்க வழியில்லை. இத்தனை கவனத்துக்கு நேரமில்லாதவர் வீட்டு ஒயினைச் சர்க்கரை மிச்சமில்லாமல் முடித்துவிட்டு, இனிப்பு ஒயினைக் கடையில் வாங்குவதே நல்லது.

சல்பைட் பற்றிய வீண் பயம்

"எங்கள் ஒயினில் ரசாயனமே இல்லை" என்று வீட்டு ஒயினுக்குச் சான்றிதழ் கொடுப்பார்கள். ஈஸ்டே கொஞ்சம் சல்பைட்டை உற்பத்தி செய்கிறது என்பதால் முழுப் பூஜ்யம் எதிர்பார்க்க முடியாது. ஐரோப்பிய விதியில் சர்க்கரை குறைந்த சிவப்பு ஒயினுக்கு லிட்டருக்கு 150 மில்லிகிராம், வெள்ளைக்கு 200 என்று மொத்த சல்பைட்டுக்கு உச்சவரம்பு உண்டு. சல்பைட் ஒவ்வாத ஆஸ்துமாக்காரர்களுக்கு இது கவலைக்குரிய விஷயம்தான். மற்றவர்களுக்கு, சல்பைட் சேர்க்காத வீட்டு ஒயினின் உண்மையான குறை அதன் ஆயுள். ஆறே மாதத்தில் நறுக்கி வைத்த ஆப்பிளின் வாடை வந்து நிறம் பழுப்பேறிவிடலாம். சல்பைட்டாக வீட்டில் போடும் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டின் எடையில் சுமார் 57 சதவீதம்தான் ஒயினைக் காக்கும் சல்பர் டை ஆக்சைடு. ஆகவே லிட்டருக்கு 50 மில்லிகிராம் வேண்டுமென்றால் 0.09 கிராம் போட வேண்டும். 5 லிட்டருக்கு அரை கிராமுக்கும் குறைவு. சமையலறைத் தராசு இதைக் காட்டாது, நகைத் தராசு வேண்டும்.

வீட்டு ஒயினுக்கு இங்கே ஒரு நியாயமான வெற்றியும் உண்டு. கடை ஒயின்களில் சில முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், மீன் நீர்ப்பை ஜவ்வு ஆகியவற்றால் தெளியவைக்கப்பட்டவை. லேபிள் இதையெல்லாம் எப்போதும் சொல்வதில்லை. சைவ உணவுக்காரர்கள் மேசையில் இருந்தால், பென்டோனைட் களிமண்ணால் தெளியவைத்த வீட்டு ஒயினைத் தயக்கமில்லாமல் ஊற்றலாம்.

சாப்பாட்டோடு சேரும்போது

துவர்ப்பில் கடைச் சிவப்பு ஒயின் வெகுதூரம் முன்னே போய்விடும். தோலோடு நீண்ட நாள் ஊறி, ஓக் பீப்பாயில் மாதக்கணக்கில் கிடந்து வந்த துவர்ப்பு அது. வீட்டு ஜாடியில் வராது. கொழுப்பும் புரதமும் நிறைந்த இறைச்சி, முற்றிய பாலாடைக்கட்டி ஆகியவற்றுக்கு அதுவே பொருத்தம். எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்து நாக்கை உலர்த்தும் துவர்ப்பு, இறைச்சியோடு சேரும்போது அடங்கிவிடும். காளானும் தக்காளியும் வேறு மாதிரி. அவற்றின் உமாமி எனும் நாவூறும் சுவை துவர்ப்பு ஒயினைக் கசப்பாக்கும். அந்தத் தட்டுக்குத் துவர்ப்புக் குறைந்த வீட்டு ஒயின் நன்றாகப் பொருந்தும். துவர்ப்பைத் தணிக்க உணவில் ஒரு சிட்டிகை உப்பும் எலுமிச்சையும் கூட்டிப் பார்க்கலாம்.

காரமான உணவில் 14 சதவீதத்துக்கு மேற்பட்ட எந்த ஒயினும் எரிச்சலைக் கூட்டும். வீட்டில் போட்டதோ கடையில் வாங்கியதோ, ஆல்கஹால் குறைந்த, லேசாக இனித்த, குளிர்ந்த ஒயினைத் தேர்ந்தெடுங்கள். உணவின் முடிவில் இனிப்புப் பண்டம் வந்தால், ஒயின் அதைவிட இனிப்பாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒயின் வெறும் புளிநீராகத் தெரியும்.

மீனோடு சேர்வதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். மீனும் சிவப்பு ஒயினும் சேர்ந்தால் வாயில் தங்கும் கவிச்சிக்குத் துவர்ப்பைத்தான் பலரும் குறை சொல்வார்கள். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வு, ஒயினில் கரைந்துள்ள இரும்புதான் முக்கியக் காரணம் என்று காட்டியது. லிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டும்போது கவிச்சி பலமாகத் தெரிந்தது. வீட்டு ஒயினுக்கு இது நேரடியான எச்சரிக்கை. புளிப்பான சாற்றை இரும்புச் சட்டியிலோ பூச்சு உரிந்த எனாமல் பாத்திரத்திலோ நசுக்கி, ஊறவைத்து எடுத்தால் இரும்பு கரைந்து இறங்கும். அப்படிப் போட்ட வெள்ளை ஒயின்கூட மீனோடு கவிச்சி அடிக்கலாம். நல்ல துருப்பிடிக்காத எஃகு, கண்ணாடி, உணவுத்தர பிளாஸ்டிக் ஆகியவற்றை மட்டும் பயன்படுத்தினால், தரமான கடை வெள்ளை ஒயினுக்கும் வீட்டு வெள்ளை ஒயினுக்கும் மீன் மேசையில் பெரிய வித்தியாசம் இருக்காது.

வீட்டு ஒயின் சாப்பாட்டோடு சோபிக்காமல் போவதற்கு பெரும்பாலும் புளிப்புக் குறைவே காரணம். தனியாகக் குடித்தால் மென்மை, உணவோடு குடித்தால் சப்பென்று இருக்கும். இதை முன்கூட்டியே சரிபார்க்க எளிய வழி உண்டு. 10 கிராம் டார்டாரிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்து 100 மி.லி. ஆக்குங்கள். 100 மி.லி. ஒயினில் அதை 1 மி.லி. விட்டால் லிட்டருக்கு 1 கிராம் அமிலம் கூட்டியதற்குச் சமம். மூன்று கிளாசில் 0, 1, 2 மி.லி. விட்டு, பரிமாறப்போகும் அதே உணவோடு ருசித்துப் பாருங்கள். எது பிடிக்கிறதோ அந்த விகிதத்தை முழு ஜாடிக்கும் போடலாம். கடை ஒயினில் இப்படிச் சரிசெய்யும் வசதி கிடையாது என்பதை வீட்டு ஒயின்காரர்கள் மறந்துவிடுகிறார்கள்.

மூக்கு சொல்லும் குறைகள்

கடை ஒயினின் பரிச்சயமான குறை கார்க்கிலிருந்து வருவது: நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை, பழ மணம் முழுக்க மங்கல். கிளாசில் வைத்திருக்க வைத்திருக்க இன்னும் மோசமாகும், திருகு மூடிப் பாட்டில்களில் அரிது. வேறு பாட்டிலைத் திறப்பது ஒன்றே வழி.

வீட்டு ஒயினில் அழுகிய முட்டை வாடை வந்தால் ஈஸ்டுக்கு நைட்ரஜன் ஊட்டம் போதவில்லை என்று பொருள். இரண்டு குவளைகளுக்கு இடையே ஐந்தாறு முறை உயர்த்தி ஊற்றி, கால் மணி நேரம் கழித்து முகர்ந்தால் லேசான வாடை போயிருக்கும். காடியோ நெயில் பாலிஷ் அழிக்கும் திரவமோ போன்ற நெடி வேறு வகை. ஜாடியில் மேலே காலி இடம் விட்டதால் காற்றுப்பட்டு பாக்டீரியா வேலை செய்திருக்கிறது. அதைச் சரிசெய்ய முடியாது. விருந்தில் ஊற்ற வேண்டாம்.

லேபிள் இல்லாமல் ருசிப்பது

கண் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு 2001இல் வெளியான ஒரு சோதனை போதும். பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தபோது, அவர்கள் சிவப்பு ஒயினுக்கான சொற்களையே எழுதினார்கள். 1976 மே 24 அன்று பாரிசில் லேபிளை மறைத்து நடந்த ருசிப்பில், பிரெஞ்சு நடுவர்களே கலிபோர்னியாவின் ஒரு வெள்ளைக்கும் ஒரு சிவப்புக்கும் முதலிடம் கொடுத்தார்கள்.

பாட்டிலைத் தாளில் சுற்றினால் மட்டும் போதாது. வீட்டு ஒயினை அதன் மண்டி காட்டிக்கொடுத்துவிடும். பாட்டிலை முந்தைய நாளே நிமிர்த்தி வைத்து, தோள்பகுதிக்குக் கீழே ஒரு டார்ச்சை வைத்துக்கொண்டு, நிறுத்தாமல் ஒரே சீராகக் குவளையில் சாய்க்க வேண்டும். முதலில் வெளிச்சம் தெளிவாக ஊடுருவும். கடைசியில் கழுத்தை நோக்கி மெல்லிய புகை இழைபோல ஒன்று நகரும். அது தெரிந்த நொடியில் கையை நிமிர்த்திவிடுங்கள். அடியில் 40, 50 மி.லி. போனால் போகட்டும். கடை ஒயினையும் அதே மாதிரிக் குவளைக்கு மாற்றி, இரண்டையும் ஒரே குளிர்ச்சியில் வைத்து, ஆளுக்கு 50 மி.லி. ஊற்றுங்கள். மூன்று கிளாசில் இரண்டு ஒரே ஒயினாக வைத்து "வேறு எது?" என்று கேட்பது இன்னும் கண்டிப்பான சோதனை. குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும் என்பதால், ஒருவரின் ஒரு விடையை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

ஊற்றும் வரிசை

மென்மையான வீட்டு ஒயினை ஓக் மணம் தூக்கலான கடைச் சிவப்புக்குப் பிறகு ஊற்றினால் தண்ணீர்போலத் தெரியும். அதனால் இனிப்பில்லாத வீட்டு ஒயின் முதல் பதார்த்தத்தோடு, கடைச் சிவப்பு பிரதான உணவோடு, இனிப்பான பழ ஒயின் கடைசியில். ஆறு பேருக்கு, ஆளுக்கு 300 மி.லி. வீதம், 750 மி.லி. பாட்டில் ஏறக்குறைய இரண்டரை ஆகும். இரண்டு கடைப் பாட்டிலும் ஒரு வீட்டுப் பாட்டிலும் எடுத்தால் மிச்சமே இருக்கும். தண்ணீர் தனியே, தாராளமாக. லேசான வெள்ளைக்கு 8 முதல் 10 டிகிரி செல்சியஸ், இளசான சிவப்புக்கு 12 முதல் 14, கனமான சிவப்புக்கு 16 முதல் 18. வீட்டுச் சிவப்பு பெரும்பாலும் நடு வகையில்தான் சேரும்; அறைச் சூட்டில் வைத்தால் ஆல்கஹால் நெடிதான் முதலில் மூக்கில் ஏறும்.

மிஞ்சியதைச் சின்னப் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். கடை ஒயின் மூன்று முதல் ஐந்து நாள் நிற்கும். சல்பைட் இல்லாத வீட்டு ஒயினை மறுநாளே முடித்துவிட வேண்டும். யாருக்காவது வீட்டு ஒயினைக் கொடுத்தனுப்பும்போது கழுத்தில் ஒரு சீட்டுக் கட்டுங்கள்: என்ன பழம், பாட்டிலில் அடைத்த தேதி, தொடக்க அளவும் முடிவு அளவும், சல்பைட்டும் சோர்பேட்டும் போட்டதா, எதனால் தெளியவைத்தது. பெறுபவர் அதை எப்போது திறக்க வேண்டும், யாருக்கு ஊற்றக் கூடாது என்பதெல்லாம் அந்தச் சீட்டிலேயே இருக்கும்.