ஜாங்கோ டாக்குமென்டேஷன்: ஒன்பது வருடமாகத் திறந்து வைத்திருக்கும் பக்கம்

திருப்பூரில் நூல் வியாபாரிகளுக்கு ஸ்டாக் மென்பொருள் எழுதிக் கொடுக்கும் சின்ன அலுவலகம் எங்களுடையது. மொத்தம் நாலு பேர். ஒரு மாதக் கடைசியில் ரிப்போர்ட் தப்பாக வந்தது. 'ஏப்ரலில் 40-ம் நம்பர் நூல் அனுப்பிய மில்கள்' என்று கேட்டால் ஆறு மில் வரவேண்டும், பதினொன்று வந்தது. குடோன் பார்க்கிறவர் போன் செய்து, "ஏனுங்க மேடம், இந்த மில்லுல இருந்து ஏப்ரல்ல முப்பதாம் நம்பர்தானுங்களே வந்துச்சு?" என்று கேட்டார். அவர் சொன்னதுதான் சரி.

நிரலைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. நூல் நம்பருக்கு ஒரு ஃபில்டர் (நிபந்தனைக்குப் பொருந்துவதை மட்டும் எடுக்கும் வடிகட்டி), மாதத்துக்கு ஒரு ஃபில்டர், இரண்டையும் அடுத்தடுத்துக் கோத்திருந்தேன். அப்புறம், எங்கள் மென்பொருளைக் கட்ட நாங்கள் பயன்படுத்தும் ஜாங்கோவின் டாக்குமென்டேஷனில், அதாவது அதன் விளக்க ஆவணத்தில், தரவுத்தளக் கேள்விகள் எழுதும் பக்கத்தைத் திறந்தேன். ஒன்றுக்குப் பல உறவைத் தாண்டிப் போகும் கேள்விகளுக்கு அங்கே தனியாக ஒரு பகுதி இருக்கிறது. அங்கே வரும் உதாரணம் இது: ஒரு வலைப்பதிவு, அதற்குள் பல பதிவுகள். தலைப்பில் 'லெனன்' என்ற பெயர் இருக்க வேண்டும், 2008-ல் வெளியாகியிருக்கவும் வேண்டும். இரண்டு நிபந்தனையையும் ஒரே ஃபில்டருக்குள் எழுதினால், ஒரே பதிவு இரண்டுக்கும் பொருந்த வேண்டும். தனித்தனி ஃபில்டராகக் கோத்தால், ஒரு பதிவில் லெனன் இருந்து வேறொரு பதிவு 2008-ல் வந்திருந்தாலும் அந்த வலைப்பதிவு பட்டியலில் சேர்ந்துவிடும். எங்களுக்கு நடந்தது இதேதான். எப்போதோ 40-ம் நம்பர் அனுப்பிய மில், ஏப்ரலில் வேறு எந்த நூலை அனுப்பியிருந்தாலும் உள்ளே வந்துவிட்டது. இரண்டு ஃபில்டரையும் ஒன்றாக்கினேன், ஆறு மில் வந்தது.

அந்தப் பகுதி அத்தோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. கீழேயே ஒரு குறிப்பு: எக்ஸ்க்ளூட் (பொருந்துவதை விலக்கும் கட்டளை) இந்த விஷயத்தில் ஃபில்டரைப் போல நடந்துகொள்ளாது, அதனால் அங்கே இப்படி எழுதுங்கள் என்று மாற்று வழியும் சேர்த்து. தங்கள் மென்பொருளில் ஒரு இடம் ஒழுங்காக இல்லை என்பதை மறைக்காமல், அந்த இடத்தில் தடுக்கி விழப்போகிறவனை நினைத்து எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஜாங்கோ தெரியாதவர்களுக்கு: பைத்தான் என்ற நிரல்மொழியில் இணையதளங்கள் கட்ட உதவும் சட்டகம் இது. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில், லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட் என்ற செய்தித்தாளின் இணையப் பிரிவில் உருவானது. 2005 ஜூலையில் பொதுவெளிக்கு வந்தது. அறிமுகப் பக்கத்தின் உதாரணத்தில் இன்றும் ஒரு நிருபரும் அவர் எழுதிய கட்டுரையும்தான் வருகிறார்கள். பத்திரிகை ஆபீஸில் பிறந்ததால்தான் எழுத்தில் இவ்வளவு அக்கறை என்று நானாக நினைத்துக்கொள்வேன்.

முகப்புப் பக்கத்திலேயே இந்த ஆவணம் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் பாடம் ஒன்று. ஒரு விஷயம் ஏன் இப்படி இருக்கிறது என்று விளக்கும் தலைப்பு வழிகாட்டிகள் இன்னொன்று. ஒவ்வொரு அளவுருவையும் சொல்லும் குறிப்பேடு தனி. 'இதை எப்படிச் செய்வது' என்று வருகிறவருக்குச் செய்முறைகள் தனி. கேட்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் முதல் நாள் கற்கிறவரும், ராத்திரி பதினொரு மணிக்கு சர்வர் விழுந்துபோய் ஒரே ஒரு வரியைத் தேடுகிறவரும் ஒரே பக்கத்துக்கு வந்தால் இரண்டு பேருக்குமே அது உதவாது. பெரும்பாலான ப்ராஜெக்டுகளில் இந்த நாலும் 'ரீட்மீ' என்ற ஒரே அறிமுகக் கோப்பில் கலந்து கிடக்கும்.

பாடத்துக்கு வருகிறேன். கருத்துக்கணிப்பு நடத்தும் சின்னச் செயலி ஒன்றைப் பகுதி பகுதியாகக் கட்டுகிறோம். இரண்டாம் பகுதியில், 'இந்தக் கேள்வி சமீபத்தில் வெளியானதா' என்று சொல்லும் ஒரு சின்ன மெத்தட் (ஒரு வேலையைச் செய்யும் நிரல்துண்டு) எழுதச் சொல்வார்கள். வெளியான தேதி நேற்றைக்குப் பிந்தையதா என்று மட்டும் பார்க்கும் ஒரு வரி. நாமும் எழுதிவிட்டுப் போய்விடுவோம். ஐந்தாம் பகுதியில் டெஸ்ட் (நிரல் சரியா என்று சோதிக்கும் நிரல்) எழுதுவது பற்றிப் பேசும்போது, அந்த வரியில் ஒரு பிழை இருக்கிறது என்கிறார்கள்: முப்பது நாள் கழித்து வரப்போகும் கேள்வியையும் அது 'சமீபத்தியது' என்று சொல்லும். முதலில் பிழையைக் காட்டும் டெஸ்ட், அது தோற்பதைப் பார்ப்பது, அப்புறம் திருத்தம். டெஸ்ட் எதற்கு என்று எனக்குக் கல்லூரியில் யாரும் புரியவைக்கவில்லை. இந்தப் பக்கம் புரியவைத்தது. நம் கையால் எழுதிய வரி, நமக்கே தெரியாத தவறு என்பதால் மனதில் நிற்கிறது.

இந்தத் தரம் இத்தனை வருடம் நிற்பதற்குக் காரணம், ஆவணம் நிரலோடு ஒரே களஞ்சியத்தில் (கோப்புகளைச் சேர்த்து வைக்கும் இடத்தில்) இருப்பது. புது வசதி சேர்க்கிறவர் டெஸ்டோடு ஆவணத்தையும் எழுதித் தரவேண்டும். எந்தப் பதிப்பில் வந்த வசதி என்ற குறிப்பும் பக்கத்திலேயே இருக்கும். ஜாங்கோ 1.11 பதிப்பிலிருந்து 2.2-க்கு எங்கள் மென்பொருளை மாற்றியபோது வெளியீட்டுக் குறிப்புகளை அச்சடித்து வைத்துக்கொண்டு வரிவரியாக அடித்துக்கொண்டே போனேன். ஃபாரின் கீக்கு (ஒரு அட்டவணையை இன்னொன்றோடு இணைக்கும் புலத்துக்கு) ஆன்-டிலீட், அதாவது இணைந்த பதிவை அழித்தால் என்ன ஆகவேண்டும் என்ற குறிப்பு, கட்டாயம் என்பது 2.0 குறிப்பிலேயே இருந்தது. சொல்லாமல் விட்டதால் உடைந்தது என்று எங்களுக்கு ஒன்றுகூட இல்லை.

குறைகள் உண்டு. கிளாஸ் வடிவ வியூக்கள் (ஒரு பக்கத்துக்கான கோரிக்கைக்குப் பதில் தரும் நிரல்கள்) பற்றிய பகுதி எனக்கு இன்றுவரை சிரமம்தான். ஒரு வியூவில் என்னென்ன மெத்தட் இருக்கிறது என்று பார்க்க, அதன் தாய் கிளாஸ், அதற்கு மேலே உள்ள மிக்ஸின் (பல கிளாஸ்களில் சேர்த்துக்கொள்ளும் சின்ன கிளாஸ்) என்று பக்கம் பக்கமாகத் தாவ வேண்டியிருக்கிறது. இதற்காகவே வெளியே வேறு ஆட்கள் தனித் தளம் நடத்துகிறார்கள், நானும் அங்கேதான் போகிறேன். தரவை நிர்வகிக்கும் அட்மின் வசதியை விளக்கும் பக்கமும் ரொம்ப நீளம். உலாவியின் தேடல் இல்லாமல் அதில் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

உதாரணங்களில் பீட்டில்ஸ் இசைக்குழுவும் பீட்சாவும் நிறைய. இங்கே புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ரிங்கோ ஸ்டார் யார் என்று சொல்லிவிட்டுத்தான் பலவற்றுக்குப் பல உறவைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் அந்த இடத்தில், ஒரு பஸ் பல நிறுத்தங்களில் நிற்கும், ஒரு நிறுத்தத்துக்குப் பல பஸ் வரும் என்று மாற்றிச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆவணத்தைப் பிரெஞ்சு, ஜப்பானியம், கொரியன் என்று சில மொழிகளில் படிக்கலாம், தமிழில் முடியாது. ஜாங்கோவின் இடைமுகச் சொற்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கும்போது, பாடத்தின் முதல் இரண்டு பகுதிகளாவது தமிழில் வந்தால் அரசுப் பள்ளியிலிருந்து வரும் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு தைரியமாக இருக்கும்! அதைச் செய்ய எனக்கு ஆசை இருக்கிறது. கூட யாராவது வந்தால் ஆரம்பிக்கலாம்.

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் சர்வரை அமைத்தவர் வேலையை விட்டுப் போன பிறகு, செட்டிங்ஸ் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று தேடவே எங்களுக்கு இரண்டு நாள் ஆனது. அதனால் இந்த அலுவலகத்தில் ஜாங்கோவைப் பார்த்து எங்கள் ஆவணத்துக்கும் நாலு ஃபோல்டர் போட்டிருக்கிறோம். போன ஜூனில் சேர்ந்த பெண், பாட ஃபோல்டரை மட்டும் வைத்து மதியச் சாப்பாட்டுக்கு முன் தன் கணினியில் எல்லாவற்றையும் ஓடவைத்துவிட்டாள். நடுவில் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "அக்கா, போஸ்ட்கிரெஸ் பாஸ்வேர்டை எங்கே வைக்கணும்?" போஸ்ட்கிரெஸ் எங்கள் தரவுத்தள மென்பொருள். சாப்பிட்டு வந்ததும் அதற்கான பதில் வரியை அவளையே எழுதிச் சேர்க்கச் சொன்னேன்.

புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். கூகுள் வழியாகப் போனால் பல சமயம் பழைய பதிப்பின் பக்கத்தில்தான் போய் நிற்பீர்கள். ஆதரவு முடிந்த பதிப்பு என்றால் பக்கத்தின் மேலேயே எச்சரிக்கை இருக்கும், படிக்காமல் தாண்டிவிடாதீர்கள். ஓரத்தில் பதிப்பு மாற்றும் பட்டன் இருக்கிறது. முழுவதையும் பிடிஎஃபாகவோ ஈபப் என்ற மின்னூல் கோப்பாகவோ இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கரண்ட் போய் இணையமும் போன மத்தியானங்களில் என் போனில் இருக்கும் ஈபப்தான் வேலையை ஓட்டியிருக்கிறது.